நாற்பத்தேழாம் குப்பி

கல்லில் நார் உரிக்கிறான் என்று
யாரையோ ஏசுவார்கள்.
எனக்கு அதுதான் உத்தியோகம்,
நாருக்குப் பதில் கொழுப்பு.
சம்பளம் அபகான் அருங்காட்சியகக் கணக்கிலிருந்து,
பதினைந்தாம் தேதி, வந்தால்.

நாலாயிரம் வருஷத்துக்கு முன் எவனோ, எவளோ
மணற்பாறையில் கொத்திய முகம்.
மூன்று கண்.
நெற்றியில் கிளம்புவது கொம்பா, கதிரா,
படித்தவர்கள் இன்னும் சண்டையில் இருக்கிறார்கள்.
வாயைப் பற்றி மட்டும் வழக்கில்லை.
வாய் திறந்திருக்கிறது.

திறந்த வாயைக் கண்டால்
சும்மா கடந்துபோகத் தெரியாது இந்தப் புல்வெளிக்காரர்களுக்கு.
மந்தை ஓட்டுகிறவன் ஒரு விரல் வெண்ணெய்,
பிள்ளை தங்காதவள் ஒரு கரண்டி பாலாடை,
நிலக்கரி லாரிக்காரன் பாதி சிகரெட்.
உதடு வழுக்கி, கறுத்து, வெடித்து,
வெடிப்பில் பாசி, பாசிக்குள் ஈரம்,
ஈரம் உறைந்து விரிந்த ஓர் இரவில்
மேலுதட்டிலிருந்து
நகத்தளவு சில்லு பெயர்ந்தது.
அதற்குத்தான் என்னை அனுப்பினார்கள்.

கடுகளவு சுரண்டி
நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தேன்.
மரத்தின் வளையம்போல அடுக்கு மேல் அடுக்கு.
மேலே கடை வெண்ணெய், மஞ்சள் சாயத்தோடு.
கீழே ஆட்டுக்கொழுப்பு, புகைக்கரி,
மறுபடி ஆட்டுக்கொழுப்பு.
அப்புறம் ஒன்று,
முடி கனத்தில், கறுப்பாக.
பால் இல்லை, பிராணி இல்லை.
மூன்று முறை சோதித்தேன்.
டிராக்டர் கிரீஸ்.

வேலிக்கு அந்தப் பக்கம்
குதிரையிலிருந்து இறங்காமலே பார்த்துக்கொண்டிருந்த
சிப்தெய்யிடம் கேட்டேன்.
“போர்க்காலமாயிருக்கும். பாலையெல்லாம்
கணக்கெழுதிக் கொண்டுபோய்விட்டார்கள்.
டிராக்டர் ஓட்டியது பெண்கள்.
கையில் எது இருந்ததோ, அது.”
குதிரை தலையை உதறியது.
“அதையும் துடைப்பாயா?”

உத்தரவில் தெளிவாக இருந்தது:
அந்நியப் பொருள் அனைத்தும்.
பதினொரு நாள். பஞ்சு, கரைப்பான், பல்குத்தும் குச்சி.
ஒவ்வொரு பஞ்சையும் எண்ணிட்டுக் குப்பியில் அடைத்தேன்.
கறுப்பு அடுக்கு வந்தபோது
கை நடுங்கியது என்று எழுதினால் அழகாயிருக்கும்.
நடுங்கவில்லை.
பழகிய கை, தன்பாட்டில் செய்தது.
குப்பி எண் நாற்பத்தேழு.

அடியில் தெரிந்த கல்
பல் முளைக்காத ஈறு நிறம்.

அக்டோபரில் கண்ணாடிக் கூண்டு வந்தது,
நாலு பக்கமும், மேலே கூரை.
ரிப்பன் வெட்டினார்கள். காற்று ரிப்பனைக் கொண்டுபோனது.

ஒரே வாரத்தில் காவல்காரி பிச்சென்
தொலைபேசியில்:
“கண்ணாடியில் வெண்ணெய்.”
“எந்த இடத்தில்?”
“வாய்க்கு நேராக.
ஆனால் பல இடத்தில்.”

போய்ப் பார்த்தபின்தான் விளங்கிற்று.
நெட்டையானவருக்கு ஓரிடத்தில் தெரிகிற வாய்
குட்டையானவருக்கு வேறிடத்தில்.
இடுப்புயரத்தில் ஒரு வரிசை, சிறுவிரல் தடங்கள்.
ஓரமாய் ஒன்று, மிகத் தாழ்வாக:
சக்கர நாற்காலியாயிருக்கலாம்.
உள்ளே கல் ஒன்றுதான்.
வெளியே இருபத்தாறு வாய்,
வெயிலில் இளகி வழிந்துகொண்டு.

அடுத்த வருஷச் செலவுத் திட்டத்தில்
ஒரு வரி சேர்த்தேன்:
துடைக்கும் துணி, மாதம் இருபது.
யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஜனவரியில் வெண்ணெய் கண்ணாடியோடு இறுகிப்போகும்,
துணி உதவாது, கரண்டியால்தான் எடுக்க வேண்டும்.
எடுத்ததை என்ன செய்வதென்று
பிச்சென் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.
இந்தக் குளிரில்
சுற்றுவட்டார நாய்களெல்லாம் விலா தெரிய அலைகையில்
அவள் நாய் மட்டும்
பளபளவென்று இருக்கிறது.