பதினான்காவது வளைவு

நாளைக்கு இரண்டாம் இன்டெர்னல்.
ஏற்காட்டிலிருந்து இறங்கும் மூன்றே முக்கால் பஸ்.
மடியில் ஷர்மிளாபானுவின் நோட்டு.
அவள் கையெழுத்தும் மலைப்பாதை மாதிரிதான்.

இருபதாவது வளைவில்
மனப்பான்மை, அதன் மூன்று கூறுகள்.
பதினெட்டில் இணங்கிப்போதல்.
முன்சீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே குனிந்தார்,
அவரைப் பார்த்து அவர் மனைவி,
பிறகு இடப்பக்கம் மொத்தமும்.
நானும் எட்டிப் பார்த்தேன்.
சில்வர் ஓக் மரங்கள். வேறொன்றும் இல்லை.
என்னவோ பார்த்துவிட்டதுபோல்
எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

பதினாறில் எனக்குக் குமட்டியது.
பாதையைத் திட்டினேன். டிரைவரைத் திட்டினேன்.
ஏரிக்கரையில் தின்ற மிளகாய் பஜ்ஜியையும்.

ஒண்டிக்கடையில் ஏறி
கம்பியைப் பிடித்தபடியே வந்த ஆள்
பதினான்காவது வளைவில் கம்பியை விட்டார்.
சட்டை நனைந்திருந்தது, நாக்கு குழறியது,
இரண்டு சீட்டுக்கு நடுவே சரிந்து உட்கார்ந்தார்.

'ஞாயித்துக்கிழமைன்னா போதும்,
விடியறதுக்குள்ள ஆரம்பிச்சிடறானுங்க.'
யார் சொன்னார்களோ,
எனக்கும் அதுதான் தோன்றியது.
எனக்கு வந்தால் வளைவு,
அவருக்கு வந்தால் குடி.
காரணம் கற்பிப்பதில் அடிப்படைப் பிழை,
ஒன்பதாம் பக்கம், சிவப்பு மையில் அடிக்கோடு.
அதை நான் தாண்டிவிட்டிருந்தேன்.

பஸ்ஸில் ஐம்பத்திரண்டு பேர்.
மூக்குத்திக்காரம்மா கண்டக்டரைப் பார்த்தார்,
கண்டக்டர் டிக்கெட் கட்டைப் பார்த்தார்,
ஒவ்வொரு முகமும் அடுத்த முகத்தைப் பார்த்து
பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டது.
என் விரல் எந்த வரியில் இருந்தது
என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்:
ஆட்கள் கூடக் கூட
ஆளுக்கு விழும் பொறுப்பு குறையும்.
வகுத்துப் பார்த்தேன், ஐம்பத்திரண்டில் ஒன்று.
அதற்காக எழுந்தால் சீட்டு போய்விடும்.

பதிமூன்று.
பன்னிரண்டு.

அப்போது அவர் கையைத் தூக்கி
நேராக என்னைக் காட்டினார்.
'மஞ்ச துப்பட்டா. பாப்பா. சுகர் கொறஞ்சிருச்சு.
இனிப்பா ஏதாச்சும்.'

வகுத்தல் கணக்கு அங்கேயே நின்றது.
பையில் மாம்பழ ஜூஸ் டப்பா இருந்தது.
ஸ்ட்ரா மூன்று முறை மடங்கி
நான்காவது தடவைதான் குத்தியது.

அதன் பிறகு
எல்லோரிடமும் பிஸ்கட் இருந்தது.
பேப்பரால் விசிறினார்கள், ஜன்னல்களைத் திறந்தார்கள்,
'நான் பாத்ததுமே நெனச்சேன், சுகர்தான்னு'
என்றது அதே ஞாயிற்றுக்கிழமைக் குரல்.

அடிவாரத்தில் தானாகவே இறங்கினார்.
இன்னாசிமுத்து, மிளகுத் தோட்டத்து வாட்ச்மேன்.
ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட மறந்தாராம்.
ஜூஸுக்கு இருபது ரூபாய் நீட்டினார்.
வேண்டாம் என்று சொல்வதற்குள்
என் கை வாங்கிவிட்டது.

அஸ்தம்பட்டி வருவதற்குள்
நான் உடனே எழுந்தவளாக ஆகியிருந்தேன்.
ராத்திரி ஷர்மிளாவிடம் போனில் சொன்னபோது
அவர் விரல் நீட்டவே இல்லை.

மறுநாள் ஆறாவது கேள்வி:
பார்வையாளர் விளைவு, தக்க எடுத்துக்காட்டுடன்.
'ஒருவர் சாலையில் மயங்கி விழுகிறார்' என்று தொடங்கி
ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.
பத்துக்கு ஒன்பது.
விடுபடும் வழி என்ற தலைப்பின் கீழ்
கூட்டத்தைக் கூப்பிடாதே, ஒருவரைக் கூப்பிடு,
சட்டையின் நிறத்தைச் சொல்லிக் கூப்பிடு
என்றும் எழுதியிருந்தேன்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் போகும்போது
அந்த மஞ்சள் துப்பட்டாவை
நான் போடுவதில்லை.