எழுபத்திரண்டு முதல் எழுபத்தெட்டு வரை

அறுபதில் ஒன்றுமில்லை.
எழுபதில் ஸ்டியரிங் லேசாக யோசிக்கும்.
எழுபத்திரண்டில் தொடங்கும்
உள்ளங்கை கூசுகிற நடுக்கம்.
எழுபத்தெட்டைத் தாண்டிவிட்டால்
ஒன்றுமறியாத பிள்ளை.

"டாக்டரக் கண்டா காய்ச்சல் விட்டுரும்லா,
அது மாதிரி" என்றாள் அனிற்றா.
நெய்யூரில் எக்ஸ்ரே எடுக்கிறவள்.
அடுத்து என்னை
மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வாளோ என்றிருந்தது.

கோவாவில் செய்து
சீக்கிரமே செய்வதை நிறுத்திவிட்ட
சிவப்பு ஸ்டார்ம். இரண்டே இருக்கை.
உடம்பு முழுக்க ஃபைபர், தட்டினால் குடம்.
மார்த்தாண்டம் மேம்பாலத்தில்
பைக் பையன்கள் பக்கத்தில் ஒட்டி வந்து விலை கேட்பார்கள்.
ஸ்பேருக்கு என்ன செய்வாய் என்று
இதுவரை ஒருத்தனும் கேட்டதில்லை.

இன்ஜின் மவுண்டிங் என்றான் ஷிபு.
கடப்பாரை கொடுத்து நெம்பினோம்.
ரப்பர் வெடித்திருக்கவில்லை.
ஆக்சில் பூட்டிலும் கிழிசல் இல்லை, கிரீஸ் சிந்தவில்லை.
பழம்பொரி எண்ணெய்க் கையோடு சாலையைக் கடந்து வந்த
பேக்கரி தங்கநாடார்
டயர் என்றார்.
அவருக்கு எல்லாமே டயர்தான்.

ஆரல்வாய்மொழிக்கு விட்டோம்.
நம்மூரில் கொஞ்சம் நேராகக் கிடப்பது
அந்தச் சாலைதான்.
தோவாளையில் பிச்சிப்பூ வாசம்
கேட்காமல் ஏறிக்கொண்டது.
கணவாயில் ஆடிக்காற்று
மேல்துணியைப் பிடித்து உலுக்க,
கதவு பாடியது, பானட் பாடியது.
எது காற்று, எது கோளாறு?

முப்பந்தல் போய்த் திரும்பினேன்.
இப்போது காற்று முதுகில், வண்டிக்குள் அமைதி.
எழுபத்தைந்தில் கிளச்சை மிதித்து
நியூட்ரலுக்குத் தள்ளினேன்.
இன்ஜின் அடங்கியது.
நடுக்கம் அடங்கவில்லை.
சரி, இன்ஜினுக்கு விடுதலை.

ஓரம் கட்டி
இடது முன்சக்கரத்தைப் பின்னால் மாட்டினேன்.
மறுபடி எழுபத்தைந்து.
கையில் இருந்தது இறங்கி
இருக்கைக்குப் போயிருந்தது.
"இப்ப எனக்கு வருது" என்றாள்
பரிசு விழுந்த குரலில்.

காற்றாலைக்குக் கீழே
அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் புரட்டினேன்.
ரிம்மின் உள்பக்கம் ஈயப் பட்டை,
வரிசையாக ஆறு. அறுபது கிராம்.
நேர் எதிரே, உள்ளங்கை அகலத்துக்கு
ஒரு வெறும் இடம்.
ஓரத்தில் மஞ்சளாக, சுருண்ட தோல்.
நகத்தால் பிய்த்து முகர்ந்தேன்.
புளித்த ரப்பர் பால்.

"குலசேகரத்துல சித்தப்பா கொட்டகை.
கார்த்திகையில பால் வாளி சரிஞ்சுது.
வெளிய கழுவுனேன்.
உள்ள யாரு பாத்தா."

தை மாசம்
இந்த ரிம்மை மிஷினில் சுற்றியது நான்.
திரை அறுபது என்றது.
எதனால் என்று கேட்கவில்லை.
எதிரே அறுபது ஒட்டினேன்.
சரியாகத்தான் ஒட்டினேன்.
பிறகு ஏதோ வெயிலில், ஏதோ வேகத்தடையில்
ரப்பர் கழன்று போய்விட்டது.
ஈயம் மட்டும்
இல்லாத ஒன்றுக்கு எதிராகச்
சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

தலைக்கு மேல் அவ்வளவு பெரிய இறக்கைகள்
அலுங்காமல் சுற்றின.
கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாய்ப் பெயர்த்தேன்.
கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.
ஈயம் அவளுக்குத் தெரிந்த உலோகம்,
தினமும் நெஞ்சில் கட்டிக்கொள்வது.
எடை பார்ப்பதுபோல் ஆட்டிவிட்டு
"பில்லு யாருக்கு?" என்றாள்.
நட்டை முறுக்குவதில்
எனக்கு நிறைய வேலை இருந்தது.

திரும்புகையில் அவள் ஓட்டினாள்.
எழுபது.
எழுபத்திரண்டு.
எழுபத்தைந்தில் முள்ளை நிறுத்தினாள்.
ஒன்றுமில்லை.
கை மட்டும்
வராத நடுக்கத்தைப் பிடித்து அடக்கியபடி
வெளுத்து இறுகியிருந்தது.
தோவாளை தாண்டிய பிறகுதான்
ஒரு விரல் விட்டது.
வெள்ளமடம் வரும்போது
இன்னொன்று.