மஹூத் ரவுண்டானா

இறக்கையின் நீளம் எழுபத்திரண்டு மீட்டர்.
மஹூத் ரவுண்டானாவின் குறுக்களவு முப்பத்தெட்டு.
நடுவில் ஒரு கஹ்வா கூஜா,
மூன்று ஆள் உயரம், பித்தளை நிறம்.

நிலம் அரசுடையது என்றது கம்பெனி.
சாலை போக்குவரத்துத் துறையுடையது என்றது எரிசக்தி அமைச்சகம்.
சாலை எங்களுடையதுதான்,
அதன் நடுவிலுள்ள வட்டம் நகராட்சிக்கு என்றது போக்குவரத்துத் துறை.
வட்டம் சரி, கூஜா யாருடையது
என்று கேட்டது நகராட்சி.
அதை நன்கொடையாகத் தந்த மீன் பதனிடும் கம்பெனி
மூடி நான்கு வருடம்.

ஏழு மாதம்
கடிதங்கள் மட்டும் ரவுண்டானாவைச் சுற்றின.

இதற்கிடையில் மஸ்கட்டில் கையெழுத்து விழா.
பேரீச்சம்பழம், இரண்டு கொடிகள், குலுக்கிய கைகள் குலுக்கியபடியே
புகைப்படத்துக்காகக் காத்திருந்தன.
'இணைந்து' என்ற சொல் ஆறு முறை வந்தது.
முகாமில் ஈரத் துண்டை உதறிக்கொண்டே
வாட்ஸ்அப்பில் பார்த்தேன்.

என் வேலை
இறக்கைக்குப் பின்னால் நடப்பது.
கழுத்தில் ஒரு பெட்டி, பெட்டியில் இரண்டு குச்சி,
பின் சக்கரங்கள் என் கட்டைவிரலில்.
முன்னால் ஓட்டுவது ஷேர் ஸமான்.
அவருக்கு நான் தெரியமாட்டேன், எனக்கு அவர்.
நடுவே எழுபத்திரண்டு மீட்டரும்
வாக்கிடாக்கியில் கரகரக்கும் அரை உருதுவும்.
அவர் இடம் ஒடித்தால் நான் வலம் ஒடிக்க வேண்டும்.
இருவரும் ஒரே பக்கம் ஒடித்தால்
போய்ச் சேரும் இடம் பெட்ரோல் பங்க்.

இரவு ஒன்று முதல் நாலு வரை அனுமதி.
காற்று ஒன்பதைத் தாண்டினால்
இறக்கையை நகர்த்தக் கூடாது.
காற்றுக்காகச் செய்ததைக்
காற்றில்லாத நேரம் பார்த்துக்
களவுபோல் கொண்டுபோகிறோம்.

வாடை, கொண்டல், கோடை, தென்றல் என்று
திசைக்கொரு பெயர் வைத்த மொழி என்னுடையது.
இங்கே ஜூனில் வருவது தென்மேற்கு,
எதிலும் சேராது.
படிவத்தில் அதன் பெயர் 'வளம்'.
சட்டைக் காலரில் அதன் பெயர் மணல்.

ஒன்றேகாலுக்கு, சொந்தப் பிக்கப்பில்,
கடிதம் இல்லாமல் வந்தார்
நகராட்சி மேற்பார்வையாளர் ஸுவைத் அல் ஜுனைபி.
"கடிதம் காலையில் வரும்,
காற்று மூன்றுக்கே வந்துவிடும்" என்றார்.
வாடகைக்கு வந்த கிரேன் கை நீட்டியது.
நாலு போல்ட்டைக் கழற்றி, கயிறு போட,
சாய்ந்து பார்த்த ஸுவைத்தின் தோளில்
கூஜா தானே ஏறிக்கொண்டது.

ஃபைபர். உள்ளே ஒன்றுமில்லை,
ஒரு புறாக்கூடும் பழைய பெப்ஸி டப்பாவும் தவிர.

நாலு பேர் தூக்கி ஓரம் வைத்தோம்.
போலீஸ்காரர் முதலில் சிரித்தார்.
கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி அன்னெலீஸ்
படிவத்தில் 'பாரம்: ஆறு டன்' என்பதைப் பார்த்தாள்,
பேனாவை மூடினாள்.

கரைக்கல்மேல் இரும்புத் தகடு விரித்து
வட்டத்தின் நடுவாகவே போனது இறக்கை.
தாழ்ந்து கிடந்த தொலைபேசிக் கம்பியைப்
பிரியாணிக் கடைத் துடைப்பக் கட்டையால்
போலீஸ்காரரும் அன்னெலீஸும் உயர்த்திப் பிடித்தார்கள்,
யார் சொல்லியும் அல்ல.
நுனி அவர்கள் தலைக்கு மேலே
நெடுநேரம் போய்க்கொண்டிருந்தது.

மூன்று பத்துக்குக் காற்று வந்தது.
இறக்கை ஊர் எல்லையைத் தாண்டி நின்றிருந்தது.

கூஜாவைத் திரும்ப நட்டபோது
கடலைப் பார்த்த மூக்கு
தென்மேற்கைப் பார்த்தது.
யாரும் திருத்தவில்லை.
மேலே நின்ற ஒரு புறா மட்டும்
இரண்டு முறை சுற்றி வந்து, பிறகு நுழைந்தது.

பதினெட்டுக் காற்றாலைகள், மூன்று மூன்று இறக்கை.
போனது ஒன்று.
போல்ட்டை மாட்டப் போன என்னைத் தடுத்து
நாலையும் என் உள்ளங்கையில் வைத்தார் ஸுவைத்.
"நாளை வருவாய் அல்லவா" என்றார்.

காலை பத்துக்குக் கடிதம் வந்தது:
கூஜாவின் உரிமை குறித்துக்
குழு அமைக்கப்பட்டுள்ளது.

தூங்கப் போகிறேன்.
பையில் நாலு போல்ட்,
புரண்டால் இடுப்பில் குத்துகின்றன.