உரிமையாளர் அவர்களுக்கு

என் கட்சிக்காரருக்கு முகம் கிடையாது.
ஒரு இலச்சினை, கொஞ்சச் சுற்றுநிருபங்கள்,
பின்னேரம் நாலேகாலுக்குப் பூட்டும் ஒரு கதவு.
பதினோரு வருடமாக அதற்குத்தான் நான் சட்டத்தரணி.

மாங்குளத்துக்குக் கிழக்கே கிரவல் தெரு.
ஓடுபாதை முனையிலிருந்து
நில அளவையாளர் ஒற்றைக் கண்ணால் பார்த்தார்:
பாலை மரமொன்று
எங்கள் வானத்துக்குள் ஆறு மீற்றர் கூடுதலாக நிற்கிறது.
ஒழுங்குவிதிப்படி வானம் ஒரு சரிவு,
ஐம்பதுக்கு ஒன்று.

மரத்தடியில் கந்தப்பு பூலோகசிங்கம்.
கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டு,
"லோயர் எண்டால் நல்லதாப் போச்சு பிள்ளை,
எங்களுக்காக ஒருக்காக் கதையுங்கோ" என்றார்.
நான் உங்கள் சட்டத்தரணி இல்லை என்று
சொல்லவேண்டியது கடமை. சொன்னேன்.
அதற்குப் பிறகும் தேத்தண்ணி வந்தது.

உறுதி, இரண்டாயிரத்தொன்பதில்
ஏதோ ஒரு பதுங்குகுழியில், சீனிப் பையோடு போய்விட்டது.
காணிக் கந்தோருக்கு ஏழு மனு.
உறுதியில் அவருக்கு ஞாபகமிருப்பது ஒரு வரி:
வடக்கு எல்லை, பாலை மரம்.

கொழும்பில் பணிப்பாளர் என் வரைவைத் திருத்தினார்.
"உரிமையாளர்" என்பதற்குப் பக்கத்தில், பச்சை மையில்,
"அல்லது குடியிருப்பவர்".
பாதுகாப்பான சொல்தான். நானே எழுதியிருக்கிறேன்.
ஒரு "அல்லது" எத்தனை வழக்கிலிருந்து
எங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

அன்றிரவு விதிகளைப் புரட்டினேன்.
அறிவித்தல் உரிமையாளருக்கே சேர்ப்பிக்கப்படவேண்டும்,
இழப்பீடும் அவருக்கே;
தவறினால் செல்லாது.
வேறெவரும் அந்தக் காணிக்கு உரிமை கோரவில்லை.
மூன்று பந்தி ஆலோசனை. அதில் பொய் இல்லை.
எதைத் தேடிப் புரட்டினேன் என்பது
கோப்பில் இல்லை.
பணிப்பாளர் பெருமூச்சு விட்டு, பச்சையை வெட்டினார்.

கடிதத்தைக் கிராம சேவகர் வாசித்துக் காட்டினாராம்.
"அகற்றுமாறு" என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி,
விலாசத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னாராம்,
பிறகும் ஒருக்கா.
லமினேற் பண்ண எவ்வளவு முடியும் என்று
அவரிடமே கேட்டாராம்.

வெட்டின நாள் படம் வந்தது, கோப்பில் சேர்க்க.
நிலத்தில் கொப்புகள்,
ஒரு வாளி நிறைய மஞ்சள் பழம்.
அடிக்கட்டையை மட்டும் கிளப்பாமல் விட்டிருக்கிறார்,
முழங்கால் உயரத்துக்கு.
அளந்து பார்த்தோம். அது எங்கள் சரிவுக்குக் கீழேதான்.

இணைப்பு நான்கு: தடை நீக்கப்பட்டது.
கையொப்பம் என்னுடையது.