சேதாரம்

வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள்.
கொலுசை எடை போட்டு வாங்குவார்கள்.
நடுவில் குறைவது சேதாரம்.
கிலோவுக்கு இவ்வளவு என்று பேச்சு.
அதற்கு மேல் ஒரு குன்றிமணி குறைந்தாலும்
சனிக்கிழமைக் கூலியில் பிடித்துவிடுவார்கள்.

பனங்காட்டில் பதினோரு வருடமாகச்
சலங்கை கோர்க்கிறேன்.
பட்டறையில் கூட்டிய குப்பையை யாரும் கொட்டுவதில்லை.
கால்மிதி உதறிய தூசியைக்கூட
விலைக்கு வாங்க ஆள் வருகிறது,
எரித்து, உருக்கி, வெள்ளி எடுக்க.

அங்கே அப்படி இருந்துவிட்டு
வீட்டில் தினம் ஒரு வாளி
தெருமுனைக்குத் தூக்கிப்போய்க் கொட்டிக்கொண்டிருந்தேன்.
ஒரு நாள் உறைத்தது.

மொட்டைமாடியில் விளிம்பு உடைந்த இரண்டு பானை.
அடியில் ஓட்டை, மேலே தேங்காய் நார்.
வெங்காயத் தோல், முட்டை ஓடு,
எதிர்வீட்டுக் கோகிலவாணி
தட்டுவடை செட்டுக்குத் துருவியது போக
மிஞ்சிய கேரட் காம்பு, பீட்ரூட் தலை.
புளித்த மோர் ஒரு டம்ளர் தெளித்தேன்.
"தாளிக்கலையா?" என்றார் இவர்.

பன்னிரண்டாம் நாள் நாறியது.
படியேறி வந்தார் வீட்டுக்கார அர்த்தநாரி.
"வாடகைக்கு விட்டது வீட்டை,
சாக்கடையை இல்ல."
மூடியைத் திறந்தால்
உலையில் அரிசி கொதிப்பதுபோல் புழு.
மகளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.
எனக்கும்தான்.

அப்படியே தூக்கி எறிந்திருப்பேன்.
தூக்க முடியவில்லை.
அவ்வளவு தண்ணீர், அவ்வளவு கனம்.
தொடர்ந்ததற்குக் காரணம் அதுதான்,
வைராக்கியம் எல்லாம் இல்லை.

ஈரம் மிஞ்சினால் பற்று நிற்காது,
பற்றவைக்கிறவர்களுக்குத் தெரியும்.
சருகு வேண்டும்.
பனங்காட்டில் பனையும் காடும் பெயரோடு சரி,
சருகுக்கு எங்கே போவது?
தெரு கூட்டும் பாவாயியிடம் கேட்டேன்.
"எரிக்கக் கூடாதுங்கறாங்க,
அள்ள வண்டியும் வரமாட்டேங்குது.
நீ எடுத்துக்கிட்டா எனக்கு ஒரு நடை மிச்சம்."
மூட்டை நிறையப் புங்க இலை.
நடுவில் இரண்டு பீடித்துண்டு.

நாற்றம் போனது என்று சொல்லமாட்டேன்.
மாறியது.
மழை விட்ட மறுநாள் வாசனை கொஞ்சம்,
பழைய கோணிச் சாக்கு கொஞ்சம்.
கையை விட்டுப் பார்த்தால்
காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தடிபோல் சுட்டது.
சேர்வராயன் மலையில் மேகம் இறங்கினால்
கொடியில் கிடக்கும் துணியை விட்டுவிட்டு
பானையை மூட ஓடினேன்.
சித்திரை வெயிலில் அதுவே காய்ந்து நின்றபோது
குடிக்கிற தண்ணீரில் ஒரு சொம்பு ஊற்றினேன்.
இவருக்குத் தெரியாது.

மாங்கொட்டை மட்டும் மக்கவே இல்லை.
ஒவ்வொரு முறை கிளறும்போதும்
குண்டு மாம்பழத்தின் கொட்டை
நான் இன்னும் இருக்கிறேன் என்று மேலே வந்தது.

தொண்ணூறாம் நாள் சலித்தேன்.
சல்லடையில் தங்கியவை:
பால் பாக்கெட்டின் ஒரு மூலை,
ஆப்பிளில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர், முழுசாக,
ஒரு சலங்கை.

போன மாதம் கூலியில் பிடித்தார்களே, அதே சலங்கை.
கறுத்துப்போயிருந்தது.
ஆட்டினேன். ஒலிக்கவில்லை.
வாய் நிறைய மண்.
திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை,
காசு கொடுத்தாகிவிட்டது.
கத்தரிச்செடிக் குச்சியில் நூல் கட்டித் தொங்கவிட்டேன்.

வாளியோடு தெருமுனைக்கு
இப்போது வாரம் ஒரு நடைதான்.
நகக்கண்ணில் பட்டறைக் கறுப்போடு
இன்னொரு கறுப்பும் சேர்ந்திருக்கிறது.
இது மட்டும் கழுவினால் போகிறது.

கூலி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.
போட்டது நாற்பத்தொரு கிலோ.
வந்தது ஏழு.
சேதாரம் முப்பத்து நாலு.

இவர் எட்டிப் பார்த்தார்.
"அடேயப்பா, அத்தனையும் எங்க போச்சு?"

ஆவியில் கொஞ்சம், புழுவின் வயிற்றில் கொஞ்சம்,
அர்த்தநாரியின் மூக்கில் கொஞ்சம்.
யாருக்குத் தெரியும்?

"பிடிக்கச் சொல்லுங்க பாக்கலாம்" என்றேன்.