படிக்கணக்கு

வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த யன்னல் மேசையில்
பதினொரு பேர்.
எண்பத்தொன்பதாம் ஆண்டு ஓ.எல். வகுப்பு.
சோறு வரும் முன்பே சண்டை வந்துவிட்டது:
கொன்வென்ற் மரப்படி எத்தனை?

இருபத்தொன்று என்றாள் ஜெனோவா.
படிக்கொரு அருள்நிறை மந்திரம் சொல்லி ஏறினவள்,
அவளுக்குப் பிழைக்காதாம்.
இருபத்து நாலு என்றாள் ஃபரீனா.
நோன்பு மாதத்தில் தலை சுற்றாமலிருக்க
எண்ணி எண்ணித்தான் கால் வைத்தாளாம்.
ஷெரின் ஃபெர்டினாண்ட்ஸ், மெல்பனிலிருந்து வந்தவள்,
படியா, அது சரிவு என்றாள்.
கைப்பிடிக் கட்டையில் வழுக்கியே
பத்து வருடம் படித்தவள் வேறென்ன சொல்வாள்.

நான் இறாலுக்குக் கோது கழற்றிக்கொண்டிருந்தேன்.
எனக்குத் தெரியும்.
போன மாசியில் அதை அளந்தது நான்.

கந்தோரில் கோப்பைத் தந்தபோது பெயரில்லை.
கொட்டாஞ்சேனை, இரண்டு மாடி, பழைய கட்டடம்,
இடிப்பு மதிப்பீடு. அவ்வளவுதான்.
மஞ்சள் தொப்பியும் இறப்பர் சப்பாத்துமாய்
படலையைத் தாண்டியபோதுதான்
முழங்காலுக்கு முதலில் விளங்கியது.
பெல் அடித்த பிறகு வரும் பிள்ளையின் நடுக்கம்,
ஐம்பத்தொரு வயதில்.
காவலாளி சிங்களத்தில் கேட்டான்,
மிஸ் இங்கேதான் படித்ததோ என்று.
இல்லை என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேனென்று
இப்போதும் யோசிக்கிறேன்.

பொருள், அளவு, நிலை: மூன்று நிரல்.
ஓடு, ஆறாயிரத்து நானூறு, திரும்ப விற்கலாம்.
தேக்கு யன்னல் சட்டத்துடன் நாற்பத்தாறு, கறையான்.
பலகை மேடை ஒன்று, பரவாயில்லை.
(அந்த மேடையில் நான் மூன்றாவது இடையன்.
ஒரு வசனம். அதையும் மறந்தேன்.)
மேல்மாடி மூலையில் சிஸ்டர் யூலாலியாவின் மருந்தறை.
விழுந்த முழங்கால்களுக்கு அவர் பூசும் ஊதா மருந்து
யாரோ ஒருத்தியின் ஐந்து விரலாய்ச் சுவரில் இருந்தது,
என் இடுப்பு உயரத்தில்.
நிரல்களை மேலும் கீழும் பார்த்தேன்.
அதை எங்கே எழுதுவது?

படிகளை ஏறி எண்ணினேன், இருபத்திரண்டு.
இறங்கி எண்ணினேன், இருபத்து மூன்று.
மறுபடி ஏறினேன். இருபத்திரண்டு.
இருபத்தாறு வருடமாய்ப் பாலங்களை எண்ணுகிறேன்,
கம்பிகளை எண்ணுகிறேன்,
ஒரு மூட்டை சீமெந்து பிசகியதில்லை.
தொப்பியைக் கழற்றிவிட்டுக்
காலைப் பார்த்துக்கொண்டே ஏறினேன் நாலாம் முறை.

ஏழாவது படி.
மிதித்தால் ஆடு போலக் கத்துமே,
பக்கத்து அறையில் மதரின் மூக்குக்கண்ணாடி நிமிருமே,
அந்தப் படி.
பிந்தி வந்த எவளும் அதை மிதித்ததில்லை.
விடும்போது மட்டும் நானூறு சப்பாத்துகள்
ஒன்றாய் இறங்கும், எது கத்தினால் என்ன.
என் கால் என்னைக் கேட்காமலே
அதைத் தாண்டிக்கொண்டிருந்திருக்கிறது.

இருபத்து மூன்று என்று எழுதினேன்.
நிலை: நன்று.
கையெழுத்துப் போட்டேன்.
படிகளை ஒரே தொகுதியாய்
மொறட்டுவைத் தளபாடக்காரன் கொண்டுபோனான்.
இப்போது அங்கே தகரவேலி,
வேலியில் நீச்சல்குளத்தின் படம்.

"நீ சொல்லடி, கணக்கில் நீதானே முதலாம் பிள்ளை"
என்றாள் தேவகௌரி.
பதினொரு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.
ஜெனோவாவின் கண்ணில் ஒரு நூறு மந்திரம்.

"ஏழாவதைச் சேர்த்தா, சேர்க்காமலா?" என்றேன்.

ஒரு கணம் ஒன்றுமில்லை.
பிறகு ஃபரீனா முட்கரண்டியை வைத்துவிட்டு
ஆடு போலக் கத்தினாள்.
பரிமாற வந்த பையன்
தட்டோடு அப்படியே நின்றான்.
நாங்கள் பத்துப் பேரும், என்ன நினைத்தோமோ,
சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

அளந்தது நான் என்று அதற்குப் பிறகும் சொல்லவில்லை.
பில் வந்தது. பதினொன்றாகப் பிரிக்க
என்னிடம்தான் தந்தார்கள்.