நாளைக்கி வாகா

சனிக்கிழமை பின்னேரம் அஞ்சு மணி.
கொழும்பு வானொலியின் முதல் இருபது.
தாழங்குடாச் சந்தியில் சைக்கிள் கடைக்காரன்
காற்றடிக்கிறதை நிறுத்திவிட்டு ஒலியைக் கூட்டினான்.
பத்தொன்பதில் நுழைந்து, ஏழுக்குத் தாவி,
மூன்றாம் கிழமை முதலாமிடம்.
எங்கட பொடியன்கள்.
'தோணா' என்று பேர் வைத்துக்கொண்ட நாலு பேர்:
பாட விதுர்சன், கிற்றாருக்கு டிலக்சன்,
கீபோட்டில் காத்தான்குடி அஸ்பர்,
ட்ரம்ஸ் டச்பார் ட்ரெவர் செல்லர்.

பாட்டு இப்படித் தொடங்கும்:
டக். டக்டக். டக்.
பிறகு கிற்றார், வாடைக்குக் கடல் உடைகிற மாதிரி.

அந்தத் தட்டு என்னுடையது.

நான் நுண்கடன் கொம்பனியில் வசூல்காரன்.
செவ்வாய்க்கிழமை என்றால் தாழங்குடா.
கடப்படியில் நின்று, மோட்டர்சைக்கிள் சாவியால்
தகரக் கேற்றில் ஒன்று, சேர்த்து இரண்டு, பிறகு ஒன்று.
ஏன் அப்படி என்று கேட்டால் தெரியாது,
ஆறு வருசக் கைப்பழக்கம்.
விதுர்சனின் தாய் கனகேஸ்வரி
கதவு திறக்காமலே சொல்லுவா:
"நாளைக்கி வாங்க மனே."
அதுவரை உள்ளே அதிர்ந்த ட்ரம் சட்டென்று நின்றிருக்கும்.
நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு
நான் போகிறதைக் கேட்டிருப்பார்கள்.
நல்ல காது.
ஒன்றையும் விடவில்லை.

'வாங்க மனே'யை எடுத்துவிட்டு 'வாகா' போட்டார்கள்,
அவ்வளவுதான்,
கடன் காதலாயிற்று.
காத்திருக்கச் சொல்லும் காதலியின் குரலாம்,
வானொலியில் அறிவிப்பாளப் பெண் உருகினாள்.
கனடாவிலிருந்து ஒருத்தி
நிகழ்ச்சிக்குப் போன் எடுத்து அழுதாளாம்.
கனகேஸ்வரியக்கா என்ன நினைத்தாவோ,
கதவு திறந்தால்தானே முகம் தெரிய.

எங்கள் ஒபிஸிலும் ஒரு பட்டியல் உண்டு.
வெள்ளைப் பலகை, நீலப் பேனை,
பதினொரு வசூல்காரர்,
கிழமைக்குக் கிழமை ஏறுவோம் இறங்குவோம்.
பாட்டு பத்தொன்பதில் நின்றபோது நான் இரண்டாமிடம்.
பாட்டு ஏழுக்கு வர, நான் ஆறு.
முதலாமிடம் வந்த கிழமை
ஆரையம்பதியில் ஒரு கேற்றைத் தட்டினேன்,
வளவுக்குள்ளிருந்து பிள்ளைகள் மிச்சத்தைப் பாடின.
கிரான்குளத்தில் ஒரு பொம்புள
சிரிப்பை அடக்க ஏலாமல்
கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா.
எனக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் பிழை.
சிரித்த வாயால் பிறகு காசு கேட்க முடியாது.
தட்டை மாற்றிப் பார்த்தேன், இரண்டு, இரண்டு.
கை தன்பாட்டில் பழையதற்கே போனது.
பதினோராமிடம்.
மனேஜர் பலகையைக் காட்டினார், ஒன்றும் பேசவில்லை.
பேச வாயெடுக்க அவருடைய போன் அடித்தது.
டக். டக்டக். டக்.

ஐந்து கிழமை அசையாமல் இருந்தது பாட்டு.
பொடியன்கள் வான் பிடித்துக் கொழும்புக்குப் போய் வந்தார்கள்.
ஒரு கண்ணாடிக் கேடயம்,
ஆளுக்கொரு பிரியாணிப் பார்சல்,
வான் கூலி அவர்களுடையது.
காசு வரும் என்றார்களாம்.
இரண்டு மாதம் பார்த்துவிட்டு அஸ்பர் கேட்கப் போனான்.
வரவேற்பு மேசையில் அவனுக்குச் சொன்ன பதிலை
நான் இங்கே எழுதத் தேவையில்லை.

பிறகு நாலாமிடம், பன்னிரண்டு,
பிறகு பெயரே இல்லை.
நான் மெல்ல மெல்ல ஐந்துக்கு ஏறினேன்.

போன செவ்வாய்,
சந்தியிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டு போனேன்.
உள்ளே புதுப் பாட்டு.
ஒரு இடத்தில் இடறுகிறார்கள், திரும்ப வருகிறார்கள்,
அதே இடத்தில் இடறுகிறார்கள்.
ட்ரெவர் ஏதோ கத்துகிறான்,
டிலக்சன் சிரிக்கிறான்,
கனகேஸ்வரியக்கா "சாப்பிட்டுப் போட்டு அடிங்கடா" என்கிறா.
சாவி கையில் இருந்தது. வெயில் தகரத்தில் கொதித்தது.
ஏழாவது தரம் அந்த இடத்தைத் தாண்டிவிட்டார்கள்.
நாலு பேரும் கூவினார்கள்.

கார்பன் தாளைச் சரிபார்த்து வைத்து
அந்த வீட்டு எண்ணுக்கு நேரே எழுதினேன்:
வீட்டில் ஆளில்லை.